கஜபதி வெச்ச பொட்டி

எலக்ட்ரீஷியன் கஜபதி நம்பரா? வேணாம்மா மோகனப்பிரியா, நீ அம்பத்தூருக்குப் புதுசு. அவன் எங்க வீட்ல வெச்சுட்டுப் போனது கரண்ட் பொட்டியா அது? எங்க கான்வென்ட்ல ஒரு மதர் இருந்தாங்க, ஒரு பென்சில் உருண்டாலும் கிளாஸையே வெளியில நிக்க வெப்பாங்க. அவங்களைச் செவுத்துல மாட்டின மாதிரி இருக்கு.

பழைய ஃப்யூஸ் கட்டை தங்கமான மனசு. போச்சுன்னா உருவு, கம்பி சுத்து, சொருகு. எங்க வீட்டுக்காரர் பாடி ஃபேக்டரியில மெஷினோட மல்லுக்கட்டறவர், வீட்ல டார்ச் மட்டும்தான் பிடிப்பார். ஒருநாள் அந்தக் கட்டையில தீப்பொறி பறக்கவும் பயந்துபோய், அண்ணனூர்லேர்ந்து இவனைக் கூட்டிட்டு வந்தார்.

கட்டையைக் கழட்டினான், இந்தப் பொட்டியை மாட்டினான். ஹால் எரிஞ்சுது, ரூம் எரிஞ்சுது. சமையல்கட்டு லைனைக் குடுத்தான் பாரு... டப். மொத்த வீடும் அவுட். பொட்டி சுவிட்சைத் தூக்கிவிட்டா மறுபடி டப். டூப்ளிகேட் பொட்டியான்னு கேட்டேன்.

"யம்மா, பொட்டி கரெக்டா கீது. உங்க ஊட்ல எதுலயோ கரண்ட் லீக் ஆவுது"ங்கறான்.

லீக் ஆவறதுக்கு அது என்ன தண்ணி பைப்பான்னேன். ஒவ்வொரு சாமானா புடுங்கிப் பார்க்கணுமாம். மறுநாள் நாத்தனார் குடும்பம் வருது, மாவு பாதியில நிக்குது, நான் பொறுமையான ஆளா... சிரிக்காதே. கோவம் வந்தா எனக்கு இங்கிலீஷ்தான் வரும். அவனுக்கு வார்த்தை புரியலை, என் மூஞ்சி நல்லாப் புரிஞ்சுது. சமையல்கட்டு லைனைக் கழட்டி, ஒயருக்கு டேப் சுத்திட்டு வண்டியை எடுத்துட்டான். அன்னிலேர்ந்து எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஹால்ல நிக்குது. சட்னி பெட்ரூம்ல அரைக்கறேன்.

பொட்டி மேல தப்பா? அதை... எப்படிச் சொல்றது. ஃப்ரிட்ஜை ஹால்ல சொருகினேன், ஒண்ணும் ஆகலை. மிக்ஸி, ஒண்ணும் ஆகலை. கிரைண்டரை இழுத்துட்டு வந்து சொருகினேன். டப்.

அது கொஞ்சம் ஷாக் அடிக்கும்மா. ரொம்ப இல்லை, கிள்ளற மாதிரி. வருஷக்கணக்கா ரப்பர் செருப்பு போட்டு, பலகை மேல நின்னுதான் மாவாட்டறேன். வர்றவங்களை வாசல்ல கழட்டச் சொல்லுவேன், கிரைண்டர்கிட்ட போடச் சொல்லுவேன். அவன் லீக்குன்னு சொன்னப்போ அது ஞாபகத்துக்கே வரலை. அதை நான் ரிப்பேர்னு நினைச்சாத்தானே. அதோட குணம்னு இருந்துட்டேன்.

இப்போ நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறான். ஆங், நீ கூப்பிடேன். உன் நம்பர் அவனுக்குத் தெரியாதில்ல. உங்க வீட்டு வேலைன்னு மட்டும் சொல்லு, என் பேரை எடுக்காதே. அவன் வந்து ஏணி போடட்டும், நான் தற்செயலா காப்பியோட எட்டிப் பார்க்கறேன். பக்குவமாப் பேசணும், அவசரப்பட்டா எல்லாம் கெட்டுடும். போடு, இங்கயே போடு. ரிங் போகுதா? எடுத்துட்டானா? குடு, குடு இங்க.

கஜபதி, நான்தாம்ப்பா தாட்சாயிணி, வெச்சுடாதே...

வெச்சுட்டான்.

நீ ஏம்மா போனை என் கையில குடுத்தே?