மலைப் போஸ்ட்டில் அண்ணன்

முன்சீட்டில் கொலைகாரன் இருப்பதாக நம்பி, போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தவன் நான். அவசரத்தில் விரல் தவறி டார்ச்தான் எரிந்தது.

தென்காசியிலிருந்து சுரண்டை போகும் பஸ். “அண்ணனைத் தினமும் கொல்லுதேன்லே” என்றான் அந்த இளைஞன்.

“மிலிட்டரில மலைப் போஸ்ட்டுல ஒங்க அண்ணன் செத்த சண்டையை கம்ப்யூட்டர் கேமா செஞ்சியே, அதுலயா?” என்றான் நண்பன்.

“ஆமா. அண்ணனுக்குன்னு வச்ச சிப்பாய், நான் சொல்லாமலே காயம்பட்ட இன்னொரு சிப்பாயை இழுத்துட்டு வரப் போயி சாவுதான். ஓடிரணும்னு கட்டளை போட்டேன். ஓடிப் பிழைச்சிட்டான்.”

“பொறவு என்னலே?”

“காயம்பட்டவரு அங்கனயே செத்துட்டாரு. பழையபடி மாத்திட்டேன். நெசத்துல அவரைத்தானே அண்ணன் காப்பாத்துனான்? இன்னைக்கு அவருக்குக் கல்யாணம்லா.”

சுரண்டையில் இருவரும் கல்யாணப் பரிசோடு இறங்கினார்கள்.