ஐவி இறங்கவில்லை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே! அடைமழையையும் பாராமல் குடையும் கையுமாகக் கூடியிருக்கும் லண்டன் மாநகரப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே! என் வாடகை நூலகத்தின் வாசகக் கண்மணிகளே! ஹில்டா ஹாஸ்கினின் வணக்கம்.

இதோ, கூச்சத்தோடு குனிந்திருக்கிறாரே மேபல் தார்லி, இவருடைய முதல் நாவலுக்குத்தான் இன்று விழா. கதை என்ன? தட்டச்சு வேலை பார்க்கும் ஐவி, பஸ்ஸில் ஏறுகிறாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு டாக்டர் காத்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லத்தான் போகிறாள். நடப்பது அவ்வளவுதான்! மற்றதெல்லாம் என்ன? மனம்! தாவும் மனம், தயங்கும் மனம், தன்னையே தேடும் மனம்! ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தால் பத்துப் பக்கத்துக்கு அம்மாவின் நினைவு. கடைசிப் பக்கத்தில் பஸ் நிற்கிறது. டாக்டர் கை நீட்டுகிறார். ஐவி எழுந்திருக்கவில்லை.

எல்லாப் பதிப்பகமும் திருப்பி அனுப்பிய கதை இது. மிஞ்சியவர் திரு. காட்டரில் என்ற பதிப்பாளர் ஒருவர்தான். அவர் கையெழுத்துப் பிரதியோடு மேபலையும் அழைத்துக்கொண்டு, வாசகர் ருசியைக் கேட்க என் நூலகத்துக்கே வந்துவிட்டார். வந்ததும் சொன்னார்:

"புத்தகம் முழுக்க பஸ்லயே உட்கார்ந்திருக்கா. கடைசியிலயாவது இறங்கட்டுமே, மிஸ் தார்லி! கல்யாணத்தை எழுதுங்க. இல்லன்னா அச்சு கிடையாது."

என் வாசகர்கள் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புத்தகத்தை எடுப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். சிரிக்காதீர்கள், நீங்களும்தான்! மேபலின் முகம் வாடிப்போயிற்று. அந்நேரம் பார்த்து உள்ளே வந்தார், கல்யாணமில்லாத கதையைத் தொடவே தொடாத என் வாசகி திருமதி பென்ரோஸ். திரு. காட்டரில் கடைசித் தாளை அவர் கையில் கொடுத்து, தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

படித்தார். முகம் சுளித்தார். ஐவி ஏன் எழவில்லை என்றறிய முந்தைய தாளைக் கேட்டார். பிறகு அதற்கும் முந்தையதை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நின்றபடியே பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டே போனார். திரு. காட்டரிலோ கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் திருமதி பென்ரோஸ் மேபலிடம் திரும்பி, அமைதியாகச் சொன்னார்:

"இவள இறக்கிடாதீங்கம்மா. நான் இறங்கிட்டேன். எனக்குன்னு ஒரு மனசு இருக்கு, அதக் கேக்கணும்னுகூட அப்போ தெரியல."

திரு. காட்டரில் தாள்களை வாங்கி, அப்படியே அச்சுக்கு அனுப்பினார். ஒரு வரி மாறாமல் நாவல் அச்சாகிவிட்டது.

திருமதி பென்ரோஸைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐவியைக் காப்பாற்றியது யார்? நானா? பதிப்பாளரா? முதல் பிரதி யாருக்கு உரியது? திருமதி பென்ரோஸ் அவர்களே, அன்று இறங்கினீர்கள். இன்று இந்த மேடைக்கு ஏறி வாருங்கள்!

கைதட்டுங்கள், அவர் வந்து சேரும்வரை தட்டுங்கள். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நன்றி. மழை விடும்வரை தேநீர் உண்டு. வணக்கம்.