சுளுக்கிய கை

நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர், இடுப்பில் ஈரச் சாரமும், கையில் தூண்டிலும் வெறும் கூடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்பன் கங்கையில் தோணி விட்டுத் திரும்புகிறவர்கள். ஜன்னலோரத்தவரின் வலது கையில் பெரிய தழும்பு.

"நானா, ஒங்க கை சுளுக்குனதுக்கு மாரியம்மனுக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்" என்றார் அவர், பக்கத்தில் தொழுகைத் தொப்பியோடு இருந்த மூத்தவரிடம்.

"அவ்வளவு சந்தோஷமா முருகேசு?"

"நடு ஆத்துல துடுப்ப என் மடியில போட்டுட்டீங்க. மெஷின்ல நசுங்குன கை. ஆறு மாசமா சோறுகூட பெசையல. இன்னைக்குக் கரை வரைக்கும் நான்தான் துடுப்பு வலிச்சேன்."

"கை வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு. வலிக்க வலிக்க வலிச்சேன்."

"தோணி ரெண்டு தரம் வட்டம் சுத்துச்சு. கொக்கெல்லாம் பயந்து எந்திரிச்சுப் போயிருச்சு."

"போகட்டும். திங்கக்கிழம வேலைக்கு வாறேன்னு தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிருவேன்."

"அல்ஹம்துலில்லாஹ்."

நாலந்தா வளைவில் பஸ் சாய்ந்தது. நானா முன்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். முருகேசு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, எந்தக் கை சுளுக்குச்சு?"

நானா கொஞ்சம் யோசித்தார்.

"நான் எந்தக் கைன்னு சொன்னேன்?"

முருகேசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப தேங்கா ரெண்டு."