கிளமென்ற் மாஸ்டரின் சாட்சி

— பிட்டுப் பெட்டியை அவரிட்டைக் குடுத்தனியே, பிறேமினி?

— தடுப்பு முகாமுக்குள்ள சாப்பாடு கொண்டுபோக விடேல்லை, அப்பா. லோயரெண்டாலும் பேனையும் பேப்பரும்தான். காருக்குள்ள ஏறுங்கோ, குளிருது.

— கிளமென்ற் மாஸ்டர் எப்பிடி இருக்கிறார்?

— நல்லா மெலிஞ்சு போனார். நாளைக்கு விடிய பிளைற். பிறந்த ஜமெய்க்காவுக்கே திருப்பி அனுப்புறாங்கள்.

— எட்டு வயசில இங்க லண்டனுக்கு வந்த மனிசன், பிள்ளை! எழுபது வயசில அங்க ஆரிட்டைப் போறது?

— அமெரிக்காவில படிச்ச நாலு வருசம்தான் பிரச்சினை. ரெண்டு வருசத்துக்கு மேல நாட்டுக்கு வெளியில நிண்டால் இங்க இருக்கிற உரிமை போயிடுமாம்.

— அந்தப் படிப்பாலதானே, பிள்ளை, நாங்கள் தலை நிமிந்தது! வெள்ளைக்காரக் கொலிஜுகள் கதவைச் சாத்தின காலத்தில கறுப்புச் சனத்துக்கெண்டு எழும்பின கொலிஜ் அது. அங்க அவையளுக்கு ஒரு சகோதரர் சங்கம். படிச்சு முடிச்சவன் தன்ர சனத்துக்கு உழைக்கோணும் எண்டு சத்தியம் பண்ணுறவை. இவர் திரும்பி வந்து, ரெண்டு மூண்டு சங்கத்து ஆக்களோட லூயிஷாமில சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் துவங்கினார். வீடு வீடாய்ப் போய் கறுப்புச் சனத்தை வோட்டுக்குப் பதிவிச்சார். பிறகு நாங்கள் தமிழ்ச் சனம் வந்து இறங்க, எங்களுக்கும் அங்கதான் இங்கிலிஸ். ‘நீயும் பிறதர்தான்’ எண்டு என்னைத் தன்ர முன்னறையில படுக்க விட்டவர்.

— தெரியும், அப்பா. ஆனால் அமெரிக்காவால திரும்பி வந்து அவர் இங்கயே இருந்தவர் எண்டு காட்டினால்தான் விடுவாங்கள், அதுக்கு ஆதாரமில்லை. பள்ளிக்கூடத்தில சம்பளமில்லை. பகலில பெயின்ற் அடிச்சதும் கைக்காசுக்கு. சங்கத்து ஆக்களும் செத்துப்போச்சினம்.

— நான் சாகேல்லையே! எண்பத்தேழில அவற்ற வீட்டில இருந்தனான். வந்து சொல்லுறன்.

— எந்தப் பேரில இருந்தனீங்கள்?

— என்ன கேள்வி இது?

— சொல்லுங்கோ, அப்பா.

— மச்சான்ர பாஸ்போட்டில வந்தனான். கன காலம் அந்தப் பேர்தான்.

— சிற்றிசனுக்குப் போடேக்க அதைச் சொன்னீங்களோ?

— இல்லை. பயம். மாஸ்டருக்கு மட்டும் தெரியும்.

— நீங்கள் சாட்சி சொன்னால் அதையும் கிண்டுவாங்கள். உங்கட சிற்றிசனையே பறிக்கலாம்.

— பறிக்கட்டும்! எனக்காக மழைக்குள்ள இமிக்ரேஷன் வாசல்ல நிண்டவர் அவர். நான் இங்க ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கிறதே? கதவைத் திற. இப்பவே போய்ச் சொல்லுறன்.

— இனி ஏலாது, அப்பா.

— ஏன் ஏலாது? நீ லோயர்தானே!

— இதொண்டும் தெரியாமல் நான் உள்ளுக்க உங்கட பேரைச் சொல்லிப்போட்டன். இந்த ஆள் உம்மட வீட்டில இருந்தவரோ எண்டு ஒஃபிசர் அவரைக் கேட்டவன்.

— ஓம் எண்டிருப்பார்.

— என்னை ஒருக்காப் பாத்தார், அப்பா. பாத்துப்போட்டு, அப்பிடி ஒருத்தரைத் தனக்குத் தெரியவே தெரியாது எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிட்டார்.