விரிக்காத இலை

"2603, ஆகஸ்ட். அண்ணன்."

மலாக்காவின் கஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் நான் எழுதிய குறிப்பு. 2603 ஜப்பானியர் ஆண்டுக் கணக்கு. நமக்கு 1943.

அன்று நானும் அண்ணனும் ஓடுகிறோம். பின்னால் லாரி. கியர் மாறும் உறுமல். பின்கதவு படாரென்று விழும் ஓசை. "ஜெப்புன் டாத்தாங்!" ஜப்பான்காரன் வருகிறான் என்று பக்கத்து வீட்டு அக்கா, காக் மீனாச்சி, கத்துகிறார். சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள். நான் வேலியைத் தாண்டிவிட்டேன். அண்ணன் முத்தையாவின் சட்டை முள்கம்பியில் மாட்டிக்கொண்டது.

"நிக்காதடா! ஓடு!"

அதன்பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

இருவர் இருந்த வீடு. வேறு யாருமில்லை. ஜப்பானியர் உத்தரவால் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. வெயில் பழைய நேரத்துக்கே வந்தது. நான் இரண்டையும் விட்டேன். சவரம் நின்றது. மரவள்ளியை வேகவைப்பதும் நின்றது. கிடைத்ததை நின்றபடியே தின்றேன். பொழுது சாயும் வேளையில் நாங்கள் ஒரு புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக உரக்கப் படிப்போம். அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

காக் மீனாச்சி, தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டிப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் போருக்கு முன்பே இறந்துவிட்டார். பேச்செல்லாம் மலாய். தமிழில் 'தம்பி' என்பது போலச் சில சொற்கள்தான் தெரியும். தினமும் காலையில் கிணற்றடியிலிருந்து கூப்பிடுவார். "பாங்குன்?" எழுந்தாயிற்றா? "பாங்குன்" என்று நான் பதில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கதவை உதைத்துத் திறந்தார்.

"தம்பி! ஜாவாப்லா!" பதில் சொல் என்கிறார். பிறகு என் தாடியைப் பார்த்தார். "காம்பிங் புன் மாலு!" ஆடுகூட வெட்கப்படுமாம்.

சிரித்துவிட்டேன். அண்ணன் போனபின் முதல் சிரிப்பு. உடனே அழுகை.

மறுநாள் தேய்ந்த பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தீட்டினேன். சவரம் செய்தேன். கிழங்கை வேகவைத்தேன். தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். மாலையில் என் பக்கத்தைப் படித்தேன். அண்ணன் பக்கத்தையும் நானே படித்தேன்.

தினமும் இதே. பயம் போகவில்லை. நாள் போனது.

ஒரு மாலை தொண்டைக் கட்டு. ஒரு பக்கத்தோடு நிறுத்தினேன். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

"சத்து சாஜா?" ஒன்று மட்டும்தானா?

ஒரு சொல்லும் புரியாமல் அவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வீடும் காலி. இரண்டாவது பக்கத்தையும் படித்தேன்.

1944 சனவரி. போகி. செட்டி வீடுகளில் அன்று இறந்தோருக்கு இலை போட்டு, அவர்கள் விரும்பியதைப் படைப்பார்கள். அரிசி இல்லை. மரவள்ளிதான். காக் தன் கணவருக்கு இலை விரித்தார். கையில் இன்னொரு இலை.

"அபாங் பூன்யா?" அண்ணனுக்கா?

விரித்தால் அவர் இறந்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொண்டதாகும்.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.

அவர் வற்புறுத்தவில்லை. இலையைக் கழுவினார். சுருட்டினார். சுவரோரம் சாய்த்து வைத்தார்.

போர் முடிந்தது. 1946இல் இருவர் சொன்னார்கள். எங்கள் தெருவிலிருந்து போய்த் திரும்பியவர், அண்ணனைக் காலராக் கொட்டகைக்குத் தூக்கிச் செல்லக் கண்டாராம். இன்னொருவர், புக்கிட் ரம்பாய் ஊர்க்காரர், ஜப்பான் சரணடைந்தபின் சயாமில் ஒரு சந்தையில் அவர் விறகு சுமக்கக் கண்டாராம். இருவரும் சத்தியம் செய்தார்கள்.

சுதந்திரம் வந்தது. ஊரே முழங்கியது. அன்றும் சவரம் செய்தேன். இரண்டு பக்கம் படித்தேன்.

இந்த ஆண்டு, 1958. போகி. காக் கேட்டார். "சம்பாய் பீலா, தம்பி?" எதுவரைக்கும்?

ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். "பெலும்" என்றே வந்தது.

"தெரியும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். இந்த ஆண்டு இலையும் ஏற்கெனவே சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் தெருவில் அன்று லாரியில் ஏற்றப்பட்டவர்கள் நால்வர். திரும்பியவர் ஒருவர். இறந்ததாகக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டவர்கள் இருவர். கம்பியில் எஞ்சியது ஒரு சட்டைக் கை. அந்தச் சட்டைக்குரிய முத்தையா இறந்தாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.