முப்பது விநாடியில் ரசீது

கையேடுகளை யாரும் படிப்பதில்லை. உங்கள் வீட்டு மிக்சியோடு வந்த கையேடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களாலும் சொல்ல முடியாது. நான் ஏழு வருடம் அப்படிப்பட்ட கையேடுகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் இசைவாணி. போன வருடம் திருவிடைமருதூர் கடைத்தெருவில் திருமுருகன் சார் நடத்தும் இணையச் சேவை மையத்தில் சேர்ந்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. அங்கே விண்ணப்பங்களை ஏ.ஐ. ஏஜென்ட் நிரப்பும். அதுவே பிரவுசரைத் திறக்கும், கட்டங்களை நிரப்பும், பட்டனை அழுத்தும். எதை எப்போது அழுத்த வேண்டும், பக்கம் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதற்குக் கையேடு எழுதுவது என் வேலை. நான் எழுதியதை அது ஒரு வரி விடாமல் படித்தது. படித்தபடியே செய்தது. அப்படி ஒரு வாசகர் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கியது. காப்பீடு செய்தவர்கள் மூன்று நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் சேதத்தைப் பதிய வேண்டும். தவறினால் இழப்பீடு கிடையாது. முதல் நாளே படிக்கட்டு வரை கூட்டம். தளம் திணறியது. ஏஜென்ட் ஒவ்வொருவரிடமும் ‘பதிவாகவில்லை, பிறகு முயலவும்’ என்றே சொன்னது. கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. ஏதாவது செய்யச் சொல்லிவிட்டுத் திருமுருகன் சார் சாப்பிடப் போனார்.

நான் ஒரு வரி சேர்த்தேன்: ‘முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால், பதிவு முடிந்ததாகக் கொண்டு ரசீது கொடு.’ வரிசை நகர்ந்தது. எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரசீதில் ஒப்புகை எண் இருக்க வேண்டும். கையேட்டில் மாதிரிக்கு ஒரு எண் கொடுத்திருந்தேன். ஏஜென்ட் அதையே எல்லோருக்கும் அச்சடித்துவிட்டது. மறுநாள் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் ரசீதுகளை ஒத்துப்பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தவறு என்னுடையதுதான். உடனே திருத்தினேன்: ‘கடைசி நான்கு இலக்கங்களை ஆளுக்கு ஆள் மாற்று.’ புது ரசீதோடு அவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை, முதல் நாளே ரசீது வாங்கிப்போன எல்லையம்மாள் வந்தார். அவரும் கணவர் உத்திராபதியும் இருபது வருடம் மற்றவர் வயலில் நடவும் அறுப்பும் செய்து முக்கால் ஏக்கர் வாங்கியவர்கள்.

“பதிவாயிடுச்சான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கம்மா. அவரு சோறு எறங்காம ஒக்காந்திருக்காரு.”

நான் என் கையாலேயே தளத்தைத் திறந்தேன். அன்று சட்டென்று வந்தது. அவர் பெயர் இல்லை. எங்களிடம் ரசீது வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. மாலை ஆறு மணி வரை நேரம் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு ஏஜென்டை மறுபடி ஓடவிட்டிருந்தால் மதியத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் கையேடு தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

“பதிவாயிடுச்சும்மா. ரசீதப் பத்திரமா வச்சுக்கங்க” என்றேன்.

“நீங்க நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தை மாதம் இழப்பீட்டுப் பட்டியல் வந்தது. எங்கள் மையத்துக்கு வந்த யாரும் அதில் இல்லை. எல்லையம்மாள் அந்த ரசீதை லேமினேஷன் செய்து எடுத்துக்கொண்டு நான்கு அலுவலகம் ஏறி இறங்கினாராம். நிலத்தை விற்றுவிட்டு இருவரும் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதை, விசாரணைக்கு வந்த நீங்கள் காட்டிய காகிதத்தில்தான் படித்தேன்.

ஏஜென்ட் தவறு செய்துவிட்டதாகத் திருமுருகன் சார் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மையில்லை. வாயில்லாத ஒன்றின் மேல் பழி போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் நாள் ஒவ்வொரு ரசீதுக்கு முன்பும் அது என் திரைக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: ‘பதிவு உறுதியாகவில்லை. இருந்தும் ரசீது கொடுக்கலாமா?’ நாற்பது தடவை ‘ஆம்’ அழுத்தினேன். பிறகு கை வலித்தது. ‘இனி இதைக் கேட்காதே’ என்று கையேட்டில் எழுதினேன்.

அதன் பிறகு அது கேட்கவே இல்லை. நான் எழுதியதிலேயே தெளிவான வரி அதுதான்.