லாயத்துக்குள்ள ஒரு கக்கூஸ்

...அதாவது, மனுஷன் நுழைய வாசல் வைக்கக் கூடாதாம்! குதிரை நுழையற வாசல் மட்டும் அப்படியே இருக்கணுமாம்! எங்கேயாவது கேட்டிருக்கியாம்மா? நீ பாட்டுக்குப் பெட்டிய எறக்கு, உன் வேலையக் கெடுக்க நான் வரல. இந்தா, வாழைப்பழ கேக். தெருவுக்குப் புதுசா வந்தவங்களுக்குக் குடுக்கறது வழக்கம். நல்லவேளை, இதுக்குப் பழைய கட்டடங்களக் காக்கற பாரம்பரியக் குழுகிட்ட அனுமதி வாங்க வேண்டியதில்ல. இன்னும்!

ஆமா, என் புல்தரையில நட்டிருக்கற மஞ்சப் பலகை அதுக்குத்தான். நாளைக்கு ஏழு மணிக்கு டவுன் ஹால்ல விசாரணை. நான் என்ன மாளிகையா கேட்டேன்? கொல்லையில இருக்கற லாயத்த ஒரு குட்டி வீடா மாத்திக்கறேன்னேன். ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஒரு கக்கூஸ். எங்கண்ணன் க்ளேட்டனுக்கு. பக்கவாதம்மா... இடது கை, கால் ரெண்டும் போச்சு. ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்துல கெடக்கான். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், "லொரெய்ன், என்ன எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?"ங்கறான். நான் மழை வருமா வராதான்னு பேசிட்டு வந்துடறேன். என் வீட்டு வாசல்ல பதினோரு படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடலாமான்னா, தெருவுலேருந்து தெரியுமாம், அழகு கெட்டுடுமாம்!

குழுத் தலைவர் எல்ட்ரிட்ஜ் மூணு தடவ வந்து பாத்தாரு. லாயத்தக் கண்டதும் தொப்பியக் கழட்டிட்டாரு, ஏதோ சர்ச்சுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. தரையத் தோண்டாதீங்கன்னாரு. அப்ப கக்கூஸ் குழாய் எங்க போகும், ஆகாசத்துலயா? அந்தப் பெரிய தள்ளுகதவ எடுக்காதீங்கன்னாரு. ஒத்தக் கையால க்ளேட்டன் அதத் தள்ளுவானா? "எல்லாம் ஒரிஜினலா இருக்கணும் மேடம்"னாரு. அவரு வாயில பல்லு ஒரிஜினல் இல்ல, அதுக்கு எந்தக் குழுகிட்ட அனுமதி வாங்கினாராம்?

என்ன கேட்ட? எப்பக் கட்டினதா? ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தொன்பது. செவுத்துல பித்தளைத் தகடே இருக்கு. குதிரை பேரு டச்சஸ். பள்ளிக்கூடப் பசங்க இப்பவும் அது நினைவாக் கேரட்டெல்லாம் கொண்டாந்து வெப்பாங்க...

யாரு சொன்னாங்களா? அது... பாரம்பரியப் பட்டியல்ல சேக்கச் சொல்லிக் குழுவுக்குக் குடுத்த ஃபாரத்துல எழுதினது நான்தான்.

சரி, நீ ஊருக்குப் புதுசு. உங்கிட்ட சொன்னா என்ன? குதிரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எழுபத்தி நாலுல எங்கப்பா காரு நிறுத்தக் கட்டின ஷெட்டு. இடிச்சுப் போட்ட மாவு மில்லுலேருந்து செங்கல் வாங்கினாரு, அதான் பழசாத் தெரியுது. சாந்து கொழைச்சதே க்ளேட்டன்தான்.

நான் என்ன பண்ணட்டும்? வருஷா வருஷம் ஊர்ப் பழைய வீடுகளச் சுத்திப் பாக்க டிக்கெட் போட்டுக் கூட்டம் வரும். எதிர்வீட்டு ஹாரியட் படியில நின்னு இளிப்பா, அவ வீட்டுல எவனோ கவர்னர் ஒரு ராத்திரி தூங்கினானாம். என் வீட்டத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. வயித்தெரிச்சல்ல ஒரு குதிரைய எழுதிட்டேன். குதிரையக் கட்டின வளையம்னு வர்றவங்களுக்குக் காட்டறேனே, அது பழைய சாமான் சந்தையில வாங்கினது. அதத் தொட்டு ஒரு அம்மா அழுதே அழுதாங்க!

உண்மையச் சொன்னாத் தகடு போயிடும், கட்ட அனுமதி கெடைச்சு அண்ணன் வந்துடுவான். எனக்குந் தெரியும். ஆனா ஊரு மூஞ்சியில எப்படி முழிக்கறது? குதிரை இருந்துச்சுன்னு அப்பா சொன்னத நம்பிட்டேன்னு சொல்லிடலாம்னு காலையில எழுதிக்கூட வெச்சேன். செத்தவரு எழுந்து வந்து மறுக்கவா போறாரு?

மத்தியானம் இல்லத்துலேருந்து போன். க்ளேட்டனும் விசாரணைக்கு வர்றானாம், வேன் சொல்லியாச்சாம். முன் வரிசையில உக்காருவான். அந்தக் கோடை முழுக்க அப்பா பக்கத்துல நின்னு சாந்து கொழைச்சவன்... அவன் காதுபட, அப்பா பொய் சொன்னாருன்னு எப்படிம்மா சொல்லுவேன்?

உள்ள போறியா? போ, போ, அலுப்பா இருக்கும். ஒரே ஒரு நிமிஷம், நான் சொல்றது சரியா வருதான்னு மட்டும்... கதவச் சாத்திட்டாளா?

சரி, கதவுகிட்டயாவது சொல்லிப் பழகறேன்.

எல்ட்ரிட்ஜ் ஐயா... குதிரை எதுவும் கிடையாது. பொய் சொன்னது எங்கப்பா இல்ல, நான்.